சிறந்த வாசகரின் பதினான்கு புத்தகங்கள்

மலைமேல் சோளக்காட்டுச் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கிளை நூலகத்துக்கு ருக்குமணி நூலகராக வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரார் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படிப்பட்டவளை ஐம்பது வயதில் ஒரு கைபேசி ஆட்டி வைத்தது.

மேலிடத்து உத்தரவு அப்படி. ஒவ்வொரு நூலகமும் முகநூலில் ஒரு பக்கம் தொடங்க வேண்டும், மாதாமாதம் எத்தனை லைக் வந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். புத்தகம் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் ருக்குமணி பக்கத்தைத் தொடங்கினாள். வடக்கு ஜன்னலோரம் நின்றால்தான் சிக்னல் வரும். அங்கேயே நின்று, "இன்று நூலகம் திறந்திருக்கிறது" என்று தினமும் எழுதிப் போட்டாள். மூன்று லைக் விழுந்தது. ஒன்று அவள் தம்பி மகள் போட்டது, இன்னொன்று அவளே போட்டுக்கொண்டது. மூன்றாவது யாரென்று கடைசி வரை தெரியவில்லை. மாதக் கூட்டத்தில் எல்லா நூலகங்களின் கணக்கையும் வாசித்தபோது, அவள் பேர் வந்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் சும்மா இருக்கவில்லை. போஸ்டர் செய்கிற ஆப் ஒன்றை இறக்கினாள். ரோஜாப்பூ, மின்னுகிற விளக்கு, தங்க எழுத்து எல்லாம் அதிலேயே கிடைத்தது. வருஷா வருஷம் நூலகத்தில் சிறந்த வாசகருக்குச் சால்வை போடுவது வழக்கம். அதை மாதந்தோறும் முகநூலில் போட்டால் என்ன என்று தோன்றியது. நல்ல யோசனைதான். யோசனையில் ஒரு குற்றமும் இல்லை.

முதல் ஆளாகக் குழந்தைசாமியைப் பிடித்தாள். தனியார் பள்ளி ஒன்றில் வேன் ஓட்டுகிறவர், எடப்புளி நாட்டுக்காரர்; நாடு என்றால் இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நூலகத்தில் நிறுத்திப் புத்தகம் எடுப்பார். வேனுக்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். ஏனுங்க டீச்சர், எனக்கெதுக்குங்க இதெல்லாம் என்று கூச்சப்பட்டார், ஆனாலும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றார். போட்டோவைப் போட்ட பிறகும் போஸ்டரில் பாதி இடம் வெறுமனே கிடந்தது. ருக்குமணி பதிவேட்டைத் திறந்து, அந்த மாதம் அவர் எடுத்த பதினான்கு புத்தகங்களின் பேரையும் தங்க எழுத்தில் வரிசையாக அடித்தாள். ஒன்பதாவதாக இருந்தது வலிப்பு நோய் பற்றிய கேள்வி பதில் புத்தகம்.

நேரில் யாராவது அந்த மாதிரிப் புத்தகம் எடுத்து வந்தால், பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படாதபடி அட்டையைக் கவிழ்த்து வைத்துத்தான் முத்திரை குத்துவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கை தானாகச் செய்யும். அந்தக் கைதான் இதையும் அடித்தது. லைக் ஏறிக்கொண்டே போனது. முந்நூறைத் தாண்டியதும் ஜன்னலோரம் நின்று தன்னந்தனியாகச் சிரித்தாள்.

மூன்றாம் நாள், போஸ்டரைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் குழந்தைசாமியிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வலிப்புக்காரன் ஓட்டுகிற வண்டியில், இந்த மலை வளைவுகளில், பிள்ளையை ஏற்றிவிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. குறை எங்கே என்று ருக்குமணிக்குத் தெரிந்தது. ஜன்னலோரம் ஓடிப் போஸ்டரை அழித்தாள். அதற்குள் மேலிடத்து அதிகாரி, இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லா நூலகங்களின் குழுவிலும் அதைப் பகிர்ந்திருந்தார்.

மறுநாள் குழந்தைசாமி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை. வலிப்பு தனக்கில்லை, ஒன்பதாவது படிக்கிற மகள் யமுனாவுக்கு என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. நோயில்லை என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று ருக்குமணி கேட்டாள்.

"குடுத்தா, அப்ப அந்தப் பொஸ்தகம் யாருக்குன்னு அடுத்து கேப்பாங்களே டீச்சர். புள்ளைய நாளைக்கு ஒருத்தரும் பக்கத்துல உக்கார வைக்க மாட்டாங்க. எனக்குன்னே இருந்துட்டுப் போகட்டும்ங்க. நீங்க ஒண்ணும் எழுதிறாதீங்க."

சரி என்று தலையாட்டினாள். அவர் படியிறங்கிப் போனதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. தப்பை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். அந்த நிம்மதியை உணர்ந்த மறு நிமிஷமே ருக்குமணிக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அடுத்தவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, தன் பேர் கெடவில்லையே என்று மூச்சு விடுகிறோமே என்று கூசினாள்.

ஒரு வாரம் அப்படியே ஓடியது. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் ஏற்றுகிற லாரிக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தாள். தோளில் துண்டைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, நல்லா இருக்கீங்களா டீச்சர் என்று எப்போதும் போல விசாரித்தார். அந்த விசாரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாங்க வந்த மிளகை வாங்காமலே திரும்பி நூலகத்துக்கு நடந்தாள்.

ஜன்னலோரம் நின்று, ரோஜாப்பூவும் விளக்கும் இல்லாமல், வெறும் எழுத்தாக எழுதினாள். "குழந்தைசாமி எடுத்த வலிப்பு நோய்ப் புத்தகம் எனக்காக எடுத்தது. நோய் எனக்கு. அவருக்கு எந்த நோயும் இல்லை. அவரைக் கேட்காமல் பட்டியல் போட்டது என் தவறு." பிறகு பள்ளிக்கூடத்துக்கே போய்த் தாளாளர் முன்னால் நின்று அதையே சொன்னாள். நூலகரே ஏன் இன்னொருத்தர் கார்டில் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். வெட்கமாக இருந்தது, அதனால்தான் என்றாள். அந்த வெட்கம் மட்டும் உண்மை. தாளாளர் அதற்குமேல் துருவவில்லை. குழந்தைசாமி டாக்டர் சர்டிபிகேட்டைக் கொண்டு வந்து கொடுத்தார், சாவி திரும்பக் கிடைத்தது. சாவி கிடைத்த அன்று வேனை நூலகத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து போனார்.

இதோடு போயிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்க்கு நானூறு லைக் விழுந்தது. தைரியசாலி என்று எழுதினார்கள். பின்வரிசையில் சிரித்தவர்களே கைகூப்புகிற படம் போட்டார்கள். சந்தைக்காரிகள் அவளுக்கு மட்டும் எடைக்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார்கள். பெரக்கரை நாட்டிலிருந்து வாரப் பத்திரிகை படிக்க வருகிற பொன்னம்மாள் பழைய சாவிக்கொத்து ஒன்றைக் கொண்டு வந்து, மயக்கம் வர மாதிரி இருந்தா இதக் கையில இறுக்கிப் புடிச்சுக்க சாமி என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். திட்டு வாங்க வேண்டிய இடத்தில் பரிவு கிடைத்தது. ஒவ்வொரு பரிவும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது ருக்குமணிக்கு.

சனிக்கிழமை யமுனா வந்தாள். ஒல்லியான பெண், இரட்டைச் சடை. நூலகத்தில் வேறு ஆளில்லை. அப்பா எல்லாம் சொல்லிவிட்டார் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ருக்குமணி மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள், பெண் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். பொன்னம்மாள் கொடுத்ததை ருக்குமணி சொன்னாள்.

"இரும்பக் குடுத்தா ஒண்ணும் ஆகாதுங்க டீச்சர். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கூட இருந்தாப் போதும். அந்தப் பொஸ்தகத்துல படம் போட்டே சொல்லியிருக்குது. நீங்க படிக்கலீங்களா?"

அதன் பதிவு எண் ருக்குமணிக்கு மனப்பாடம். எந்த வருஷம் வாங்கியது, எத்தனை பக்கம் என்றுகூடச் சொல்வாள். ஒரு பக்கம்கூடத் திறந்ததில்லை.

"இல்ல கண்ணு" என்றாள்.

யமுனாவே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தாள்.

"அப்ப ஊட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்க டீச்சர். நாளைக்கு யாராச்சும் இந்த நோயப் பத்தி உங்ககிட்ட வந்து கேட்டா, என்ன சொல்லுவீங்க?"