கடைசிப் பக்கத்தில் மேரன்

1985 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. குணவதிக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அதில் பதினோரு வருடத்தை அவள் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில், மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தே கழித்திருந்தாள். நகத்தளவுகூட இல்லாத சில்லில், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை.

அந்த வேலைக்குக் கண்தான் முதல். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி நர்ஸ் சோதிப்பாள். கண்ணாடி தேவைப்படுகிறவர்களைக் கம்பி ஒட்டும் வரிசையில் வைத்துக்கொள்வதில்லை. முன்பெல்லாம் அவர்களைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அந்த வருடம் அமெரிக்காவில் சில்லு விற்கவில்லை. பெட்டி கட்டவே ஆள் அதிகம். தேறாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குணவதியின் வீட்டில் அப்பா வேலு இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர். குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சம்பாதிக்க வேறு ஆளில்லை.

குணவதிக்குத் தூரம் மங்கி இரண்டு வருடமாகியிருந்தது. மைக்ராஸ்கோப்பைக் குமிழ் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்; எதிர்ச் சாரியில் வருவது யாரென்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். ஆனாலும் இரண்டு சோதனையிலும் தேறியிருந்தாள். பஸ்தான் காரணம்.

காலை ஆறேகாலுக்கு, கம்பெனி பஸ்ஸின் பின் இருக்கைகளில் பெண்கள் கண் அட்டையை ஒப்பிப்பார்கள். நர்ஸின் அறையில் தொங்கிய அட்டை ஒன்பது வருடமாக மாறவில்லை. யாரோ ஒருத்தி அதன் கடைசி மூன்று வரிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நாளடைவில் அதற்கு ஒரு மெட்டும் சேர்ந்துவிட்டது. மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் பொதுவான பாட்டு அது ஒன்றுதான். லைன் லீடர் வள்ளியம்மாவும் பாடுவாள். நாற்பது வயதான அவளுக்கும் அது தேவைப்பட்டது.

மேரன் வந்தது டிவியில். ஆங்கிலத் தொடர். நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறிய ஒரு சாம்பல் நிறக் கப்பலுக்கு அவள்தான் வழிகாட்டி. சிரிக்க மாட்டாள், காதலிக்க மாட்டாள். கைகள் மட்டும் கருவிகளின் மேல் நடுக்கமில்லாமல் நகரும். குணவதி அந்தக் கைகளைத்தான் பார்ப்பாள். அப்பா, “இவ என்னமா எந்நேரமும் டேசன் கிராணி மாதிரி மூஞ்ச வச்சிருக்கா” என்று, கடுகடுக்கும் குமாஸ்தாக்களை நினைத்துச் சொல்வார். ஓர் ஒளிவெடிப்பில் மேரனின் கண் போய்விடுகிறது. அதை யாரிடமும் சொல்லாமல் அவள் மறுபடி நாற்காலியில் உட்காருகிறாள். அந்த வாரத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, சௌராஸ்டா பாசாரின் பழைய புத்தகக் கடைக்காரர் ஷேக் அலாவுதீன் ஒரு புத்தகத்தை எடுத்து ஆட்டினார். அட்டையில் மேரனின் முகம்.

“தங்கச்சி, உன் ஆளு வந்துட்டா. டிவில காட்டாததெல்லாம் இதுல இருக்காம் லா. ஒரு வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனான்.”

“முடிவும் இருக்கா பாய்?”

“முடிவு இல்லாம புஸ்தகம் போடுவானா? நல்லா கேட்ட போ.”

கான்டீனில் இருபது நிமிட இடைவேளையில் அதைப் படித்தாள். எழுத்து பொடி. புத்தகம் மூக்கைத் தொட்டால்தான் வரிகள் பிரிந்தன. நூறு பக்கத்துக்கு மேலாகியும் மேரன் உண்மையைச் சொல்லவில்லை. திசைகளை மனப்பாடமாக வைத்துக் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, புக்க மோந்து பாக்கிற? நெத்திலியா அது?” வள்ளியம்மா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “நாலு பேரு பாக்கிற எடம். வெள்ளிக்கிழம செக்கப். அது வரைக்கும் அத லாக்கர்ல போட்டுப் பூட்டு.”

“பாட்டு மறக்கலக்கா.”

“பாட்டச் சொல்லல. மூஞ்சியச் சொல்றேன்.”

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. நர்ஸின் அறைக்கு வெளியே வரிசை நீளமாக இருந்தது. குணவதிக்கு முன்னால் நாற்பது பேர். முப்பது பக்கம்தான் பாக்கி. பாட்டு தலைகீழாகத் தெரியும் என்ற தைரியத்தில் லாக்கரைத் திறந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். முறை வருவதற்குள் எட்டுப் பக்கம் ஓடியது.

நர்ஸ் ரோஹானா நல்ல மாதிரி. குணவதி ஒரு கண்ணை மூடி மூன்று வரி சொன்னாள், மறு கண்ணை மூடி மூன்று வரி சொன்னாள். ரோஹானா தாளில் தேறியதாக எழுதினாள். அப்போதுதான் மேஜையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“இது அந்தக் கப்பல்காரிதானே?” மலாயில் கேட்டாள். “எங்க வீட்டுல எல்லாரும் பாப்போம். திடீர்னு நிறுத்திட்டாங்க லா. பொழைச்சாளா, இல்லையா?”

“இன்னும் முடிக்கல, மிஸ்ஸி.”

“கடைசிப் பக்கத்த மட்டும் வாசி. என் கண்ணாடி எங்கயோ கெடக்கு. உனக்குத்தான் நல்ல கண்ணு, இப்பதான எழுதினேன்.”

அவளே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே உயர்த்திப் பிடித்தாள். குணவதிக்குச் சாம்பல் கோடுகள் தெரிந்தன. கையை நீட்டி வாங்கினால் மூக்குக்குக் கொண்டுபோக வேண்டிவரும். வாங்கவில்லை. பதினோரு வருடம் ஆடாத கையை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கிற குரலில் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. மேரன் உயிரோடு இறங்கினாள். எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

“அல்ஹம்துலில்லா,” என்று சிரித்தாள் ரோஹானா. அந்த வரிகளைத் தானும் பார்க்க ஆசைப்பட்டு இழுப்பறையில் துழாவினாள், கண்ணாடி கிடைத்தது, போட்டுக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் கதை இல்லை. பதிப்பகத்தாரின் மற்ற புத்தகங்களைத் தபாலில் வாங்குவதற்கான படிவம் இருந்தது. பெயர், முகவரி, எத்தனை பிரதி என்று எழுதப் புள்ளிக் கோடுகள்.

ரோஹானா புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தாள். பிறகு சுவரிலிருந்த அட்டையைக் காட்டினாள்.

“கடைசி வரிய வலது பக்கத்துலேருந்து சொல்லு.”

குணவதியின் உதடுகள் மெட்டை முதலிலிருந்து தொடங்கின. பின்னாலிருந்து அது வரவில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல, மிஸ்ஸி.”

ரோஹானா பேனாவை எடுத்து, எழுதியதை அடித்தாள். “நான் கையெழுத்துப் போடற தாள்,” என்றாள். கோபமில்லை. முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மூன்றேகால் பஸ்ஸில் குணவதி ஜன்னலோரம் உட்கார்ந்து, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படித்தாள். இனி யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. பின் இருக்கையில் அன்று பாட்டில்லை. பஸ் ஜெலுத்தோங்கைத் தாண்டியபோது புத்தகத்தை முடித்து மூடினாள். பக்கத்தில் இருந்த வள்ளியம்மா திரும்பினாள்.

“சொன்னேன்ல.”

“சொன்னீங்க.”

“பேரு ஏதாச்சும் கேட்டாளா?”

“கேட்டா. சொல்லல.”

வள்ளியம்மா தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். “சரி, பொழைச்சாளா அவ?”

“கப்பல் வந்துருச்சுக்கா. அவ வரல.”

அடுத்த புதன்கிழமை நர்ஸின் அறையில் புது அட்டை மாட்டி, கம்பி ஒட்டும் வரிசை முழுவதையும் மறுபடி சோதித்தார்கள். பத்தொன்பது பேர் தேறவில்லை. வீட்டுக்குப் போனவர்களில் வள்ளியம்மா மூன்றாவது.