முகமூடிகளை உள்ளே விடலாமா?

போன செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மாடிப்படியில் ஏழெட்டு உருவங்கள். கூம்புத் தொப்பி, கலர் கலராய்க் கந்தல் சட்டை, முகம் முழுக்க மூடி... நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா?

நான் உடனே திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

பிரெஞ்சு பேசுகிற எங்கள் ஃப்ரிபூர்க் நகரப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடம் லூசியானாவிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருக்கிறார். கேஜன் பெண் — அமெரிக்காவில் இருந்துகொண்டே தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு பேசுகிற சனம். கிறிஸ்தவர்களின் விபூதிப் புதனுக்கு முதல் நாள் அவர்களுடைய ஊரில் ஒரு முகமூடிக் கூட்டம் வீடு வீடாகப் போகுமாம். ஆடிப் பாடிக் கெஞ்சி அரிசி, வெங்காயம், கோழி என்று வாங்கிவந்து, ஊருக்கே 'கம்போ' என்று வெண்டைக்காய் போட்ட ஒரு சூப் வைக்குமாம். கதையாகச் சொன்னால் போதாதா? இல்லை, பிள்ளைகளோடு செய்தே பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார். யார் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது எங்கள் ஆறு வயது மயூரி.

எனக்கு உடனே சந்தேகம். பின்னால் மதம் மாற்றுகிற சபை கிபை ஏதும் இருக்கிறதா? போட்டோ எடுத்து எங்கேயாவது போடுவார்களா? இந்த நாட்டில் எங்களுக்கு பெர்மிட் கிடைக்கத்தான் வருடக்கணக்கு. சந்தேகம் மட்டும் எங்களோடு கூடவே வந்து இறங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். "கோழிக்குள்ள வெண்டிக்காயோ? ஆர் உதைச் சாப்பிடுறது?"

மயூரி தான் செய்த முகமூடியை மேசையில் வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இஞ்சேரப்பா, உதுகள் எங்கட வீட்டுக்கு வரவேண்டாம்."

ஏன் என்று எனக்குத் தெரியும். சண்டைக்காலத்தில் ஊரை ஆர்மி சுற்றிவளைத்தால் ஜீப்பில் ஒரு 'தலையாட்டி' இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. இளைஞர்கள் வரிசையாக அவன் முன்னால் நடக்கவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அவ்வளவுதான். இவருக்கு முன்னால் போன சிநேகிதனுக்கு ஆட்டினான். இவருக்கு ஆட்டவில்லை. சிநேகிதன் திரும்பி வரவேயில்லை.

இதை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

"எல்லாற்ற அப்பாவும் கதவு திறப்பினம். நீங்கள் மட்டும் மாட்டீங்களோ?" என்று அழுதாள். இரண்டு பேரையும் நினைத்து, வரவேண்டாம் என்று ஆசிரியைக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

ஆக, செவ்வாய்க்கிழமை மணி அடித்தபோது நான் கதவில் கை வைத்தபடி நின்றேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த இவர் வந்தார். என்னை விலக்கிவிட்டு, சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

முன்னால் ஆசிரியை மட்டும். முகமூடி இல்லை, கையில் ஒரு வெள்ளைக் கொடி. முகமூடிகளெல்லாம் பின்னால் அசையாமல் நின்றன.

"இவர்களை உள்ளே விடுவீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"மாட்டேன் என்றால்?" என்றார் இவர்.

"போய்விடுவோம். அதுதான் எங்கள் வழக்கம். வீட்டுக்காரர் சொல்வதே முடிவு."

இவர் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "முகத்தை மூடினவங்கள் கேட்டுப்போட்டு உள்ள வாறதை இண்டைக்குத்தானப்பா காணுறன்."

சங்கிலியைக் கழற்றினார்.

பிறகென்ன... ஒரே கூத்து! சோபாவில் ஏறிக் குதித்தார்கள், காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள். அரிசியும் வெங்காயமும் ஒரு கோழிக்காலும் கொடுத்தேன். போகும்போதுதான் ஆசிரியை அந்தக் கடைசி விளையாட்டைச் சொன்னார். முகமூடிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, "இதில் உங்கள் பிள்ளை யார்? கை காட்டுங்கள்!" என்றார்.

பாவம், தலையாட்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

மயூரி வரிசையின் கரையில் நின்றாள். ஊதாச் சப்பாத்து. காலையில் அதற்கு லேஸ் கட்டிவிட்டவரே இவர்தான். ஒவ்வொரு முகமூடியாகப் பார்த்துக்கொண்டு போனார். மயூரியிடமும் நின்று பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒருவரையும் தெரியாது."

முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாய்ந்தாள் மயூரி. "அப்பா தோத்துப்போனார்! அப்பாவுக்கு என்னைத் தெரியேல்லை!"

அவளைத் தூக்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஓம் குஞ்சு. அப்பாவுக்கு ஆரையும் காட்டிக்குடுக்கத் தெரியாது."