முட்டி உடைந்த கால் மிச்சம்

இன்று கோப்பெங்கில் ஈப்போ போகும் பஸ் ஏறியதும் மாரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். சுங்காய் தோட்டத்தில் பிறந்து, எண்பதுகளில் மாநிலக் கூடைப்பந்து அணிக்கு ஆடியவர். முட்டி உடைந்ததும் ஆட்டத்தை விட்டார்.

"எங்கண்ணே போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. சக்கரை. நாளைக்குக் கால எடுக்குறாங்க."

"எந்தக் கால்ண்ணே?"

"எம்பிக் குதிச்ச கால்தான். முட்டி ஒடஞ்சது நல்லா இருக்கு லா."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் ஆடி நீ பாத்திருக்கியா?"

"இல்லண்ணே."

"நம்மாளுங்க எல்லாம் காற்பந்து பாக்கத்தான் போனாங்க," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், இன்றைக்கே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள். பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லலாம். நான்தான் அந்த நேரம் பார்த்து உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.