மாஸ்க் போட்ட கூட்டம்

நுரையீரல் புற்றுநோயில் என் மனைவி போன மறு வருஷம், அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ராத்திரி முழுக்க நடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன். நடந்து என்ன கிழிக்கப்போகிறோம் என்று தெரியும். வீட்டில் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

திருவொற்றியூர் தாண்டியதும், கன்டெய்னர் லாரிப் புழுதிக்காக ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தார்கள். எரிச்சலாக வந்தது. அவள் முப்பது வருஷம் இந்தக் காற்றைத்தான் மாஸ்க் இல்லாமல் இழுத்தாள். ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய எண்ணூர்க் குப்பத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. திடீரென்று கதவுகள் திறந்தன. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளோடு சனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நடுராத்திரியில் மூக்கை மூடிய கூட்டம் போனால் அங்கே ஒரே அர்த்தம்தான். இந்தப் பக்கத்து ஆள், எனக்காவது அது தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு அம்மா என் கையைப் பிடித்தாள். "எந்த கம்பெனில நைனா கேஸ் லீக் ஆயிக்கீது?"

"லீக் இல்லம்மா. கேன்சருக்காக நடக்கிறோம்."

அவள் மூக்கிலிருந்து துணியை எடுத்தாள். பக்கத்து வீடுகளைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒண்ணும் இல்லடி, கேன்சருதான். போய்ப் படுங்க!"