கணினியில் பத்திரமாக இருந்த குரல்

எங்கள் மானேஜர் எதையும் எழுதித் தர மாட்டார். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் இத்தனை வருட ஷூ கம்பெனி வாழ்க்கையில் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே தொழில். மெயில் அனுப்பினால் நேரில் கூப்பிட்டுப் பதில் சொல்வார். நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. கையெழுத்து கேட்டுப் போனால் பேனாவைத் தேடிக்கொண்டே எழுந்து வெளியே போய்விடுவார், சாயங்காலம் வரை அந்தப் பேனா கிடைக்காது.

நான் ஆம்பூரில் அந்தக் கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தேன். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஒப்புக்கொண்ட தோல் துண்டையும், புதிதாக வந்திறங்கிய தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பார்ப்பது என் வேலை. மானேஜர் சரி என்றால் கட்டிங் மாஸ்டரிடம் சொல்வேன், அவர் வெட்டுவார். அதாவது நிறத்தைப் பார்ப்பது நான், முடிவு மானேஜருடையது, கத்தி மாஸ்டருடையது.

ஒரு சனிக்கிழமை வந்த பழுப்புத் தோல் கொஞ்சம் சிவப்படித்தது. படம் எடுத்து மானேஜருக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை காலை நான் பள்ளிகொண்டாவில் கம்பெனி பஸ் ஏறியபோது பதில் வந்தது, வழக்கம்போல் குரலில். பஸ் இரைச்சலில் ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். "பரவால்ல, ஷேடு ஓகே. கட்டிங் போடச் சொல்லிடுங்க." அதற்குமேல் கேட்காமல் அணைத்துவிட்டேன். மாதனூரில் மாஸ்டர் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். அங்கேயே சொல்லிவிட்டேன். "சார் ஓகே சொல்லிட்டாரு மாஸ்டர், போட்டுடுங்க." மத்தியானத்துக்குள் முழு லாட்டும் வெட்டி முடிந்தது. வெட்டிய தோலை யாரும் திரும்ப ஒட்டித் தர முடியாது.

மறுநாள் செவ்வாய் எங்கள் பிரிவுக்கு ஒரு திருவிழா. பையரின் ஆடிட் வரப்போகிறது. வேலைக்குப் பயன்படுத்தும் ஃபோன்களில் உள்ள தகவல்களுக்குக் கணினியில் நகல் இருக்கிறதா என்று அவர்கள் பட்டியலில் ஒரு வரி இருந்ததாம். மானேஜர் சாம்பிள் ரூம் கணினியில் அதற்கான மென்பொருளை ஏற்றி, எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து வகுப்பெடுத்தார். "ஃபோன் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போய்டும். டேட்டா போகக் கூடாது. புரியுதா?" புரிந்தது என்று தலையாட்டினோம். அவர் குரலில் அப்படி ஒரு பக்தி.

முதலில் அவருடைய ஃபோன். கேபிளைச் செருகினார். திரையில் வந்த பெயர் 'பாஸ்'. ஃபோனுக்கு அவரே வைத்த பெயர். அதற்குள் ஏலகிரி போன குடும்பச் சுற்றுலா முழுக்க இருந்தது: படகில் ஏறும் வீடியோ, இறங்கும் வீடியோ, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் மூன்று வீடியோ. நகல் ஏறுவதைக் காட்டும் கோடு நகர்ந்து முடிவதற்குள் ஒரு டீயும் சாப்பாட்டு நேரமும் போய்விட்டன. இரண்டாவதாக என் ஃபோன். 'இந்தக் கணினியை நம்பலாமா?' என்று கேட்டது. மானேஜர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது வேறென்ன சொல்வது, நம்பலாம் என்று அழுத்தினேன். என்னுடையது ஏறி முடிந்ததும் கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. பாக்கி இருந்த பன்னிரண்டு ஃபோன்களுக்கும் ரிஜிஸ்டரில் 'முடிந்தது' என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் கையெழுத்து போடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை சென்னையிலிருந்து பையரின் ஏஜென்ட் வந்தார். வெட்டிய துண்டுகளை நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். "இது என்ன, செங்கல் கலர்ல இருக்கு?" என்றார். அவ்வளவுதான். மானேஜர் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தார், ஃபோனோடு.

வியாழன் காலை எச்.ஆர். மேடத்தின் அறையில் விசாரணை. மாஸ்டர், மானேஜர், நான். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று மேடம் கேட்டதும் மாஸ்டர் என்னைக் காட்டினார். "இந்தம்மா பஸ்ல சொன்னாங்க மேடம், சார் ஓகே சொல்லிட்டாருன்னு." மானேஜர் புருவத்தைத் தூக்கினார். "நான் எப்போ சொன்னேன்? நான் எதுவும் அனுப்பலயே." நான் ஃபோனைத் திறந்தேன். திங்கட்கிழமை ஏழு மணிக்குக் குரல் பதிவு இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி.

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

இந்த வரியை எத்தனை முறை எழுதி எழுதி அழித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு மாதிரி எழுதினால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் நான் சொன்னது அதுதான். மாஸ்டரை அன்றே சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள், விசாரணை முடிந்ததும் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. சாயங்காலம் டீயோடு எனக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் வந்தது. மானேஜர் சொல்லி அனுப்பியதாம். நான் அதைத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை மாதனூரில் டிரைவர் பழக்கத்தில் ஹாரன் அடித்தார். யாரும் ஏறவில்லை. சனிக்கிழமையும் அடித்தார். எனக்கு அந்த ஹாரன் தாங்கவில்லை. அன்றுதான் செவ்வாய்க்கிழமைத் திருவிழா ஞாபகம் வந்தது. அழித்தது புதன்கிழமை, நகல் எடுத்தது செவ்வாய்க்கிழமை. மானேஜரின் குரல் மானேஜரின் உத்தரவுப்படி, மானேஜரின் படகுக்குப் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறது!

ஆனால் அதை எடுக்க வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை நகலை என் ஃபோனில் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஃபோனில் சேர்ந்ததெல்லாம் போய்விடும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. என் அண்ணன் மடியில் அவள் வீறிட்ட படங்கள் மட்டும் நூற்றுக்குமேல். 'குழந்தை படமெல்லாம் போய்டுமே' என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். படங்களைக் கணவருக்கு அனுப்பி வைக்க ஐந்து நிமிடம் போதும் என்பதும் எனக்குத் தெரியும். ஞாயிறு ராத்திரி வரை அது தெரியாத மாதிரி இருந்தேன், பிறகு அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம், மானேஜர் சாப்பிடப் போன நேரத்தில் கேபிளைச் செருகினேன். திரையில் இரண்டே நகல்கள்: பாஸ், நான். எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. அழுத்தினேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். ஃபோன் உயிர் வந்து எழுந்ததும் முதலில் தேடியது அதைத்தான். இருந்தது.

எச்.ஆர். அறையில் மானேஜரையும் வைத்துக்கொண்டு போட்டுக் காட்டினேன். "பரவால்ல, ஷேடு ஓகே. கட்டிங் போடச் சொல்லிடுங்க." மானேஜர் அசரவில்லை. "இது என் வாய்ஸே இல்ல மேடம். இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே வாய்ஸ் செய்றாங்க. பேப்பர்ல வருதே." பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நான் கேட்காமல் விட்ட கடைசி வினாடிகள். குக்கர் விசில். பிறகு ஒரு பெண் குரல், கரண்டியால் அடிக்கிற மாதிரி: "அந்த ஃபோன வெச்சிட்டு வெங்காயத்த உரிங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

எச்.ஆர். மேடம் பொங்கலுக்கு மானேஜர் வீட்டில் சாப்பிட்டவர். "உங்க வீட்டம்மாவையும் கம்ப்யூட்டர்லதான் செஞ்சாங்களா சார்?" என்றார். நான் சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மானேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. மானேஜர்களுக்கு ஆகாது. அந்தத் தோலை வேறொரு ஆர்டருக்கு ஏஜென்டே எடுத்துக்கொண்டார். இனி யாரும் சொந்த ஃபோனை ஆபீஸ் கணினியில் செருகக் கூடாது, பாதுகாப்புக் காரணம் என்று உத்தரவு வந்தது, குரல் பதிவில். மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வராத நாட்களை லீவில் கழித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மாதனூரில் அவர் ஏறினார். நான் அவர் பக்கத்து சீட்டுக்கே போய் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னேன். கேபிள், நகல், காதுகுத்துப் படங்கள், வெங்காயம், எதையும் விடவில்லை. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிமா. ரொம்ப பேஜாருதான் பட்டிருக்க. அன்னிக்கு அந்த ரூம்ல மேடம் கேட்டாங்களே, அப்போ உனக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு மாஸ்டர்."

அன்றிலிருந்து நான் எந்த லாட்டுக்குச் சரி சொன்னாலும் ஒரு சீட்டை நீட்டி, எழுதிக் கொடுமா என்பார். மானேஜரிடம்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை, என்னிடம் மட்டும்தான்.