பங்களாப் புல்வெளியில் ஒரு கூடாரம்

புதுக் கித்தான் துணிக்கு ஒரு நெடி உண்டு. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் மூக்கில் ஏறித் தொண்டையில் நின்றுகொள்ளும். இன்றைக்கும் லாரிக்குப் போர்த்தும் துணியிலிருந்து அந்த நெடி வந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துப் பங்களாவில், சீமையிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பெரிய மரப்பெட்டியை உடைத்தபோதுதான் அதை முதன்முதலில் முகர்ந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா அந்தப் பங்களாவில் 'ஆயா'. துரையின் ஒன்றரை வயது மகனை, தோட்டமே 'பாபா' என்று கூப்பிட்ட குழந்தையை, குளிப்பாட்டி ஊட்டி உறங்க வைப்பது அவள் வேலை. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நான் அவர்களுக்கு ஒத்தைப் பிள்ளை. அப்படித்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் துரை வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. நார்வே என்ற குளிர்நாட்டுக்காரர். ஆறு மாத விடுப்பில் ஊருக்குப் போவதற்காக, சாப்பாட்டு மேசையை மறைக்கும் அளவு பெரிய வரைபடம் ஒன்றை விரித்துப் போட்டுக்கொண்டு, துரையும் துரைசாணியும் நாள்தவறாமல் பென்சிலும் கையுமாக அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். மோட்டார் காரைச் சிங்கப்பூரில் கப்பலில் ஏற்றுவார்களாம், நார்வேயில் இறக்கி மலையோரமும் கடலோரமுமாக இரண்டு மாதம் ஓட்டுவார்களாம், பொழுது சாய்ந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டுக் கித்தான் கூடாரம் அடித்துத் தரையில் படுப்பார்களாம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த சமையல்கார அந்தோணி மாமா இதைச் சொன்னபோது அடுப்படியில் ஒருவருக்கும் வாய் மூடவில்லை. ஏழு அறை பங்களா, பங்கா விசிறி இழுக்க ஆள், கொசுவலை போட்ட கட்டில்! இத்தனையும் உள்ள மனுஷன் எதற்குத் தரையில் படுக்க வேண்டும்?

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்," என்று தலையில் அடித்துக்கொண்டார் அந்தோணி மாமா. "இதுக்குப் பேரு சந்தோஷமாம். கேட்டுக்குங்க."

எனக்கு அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. பாபாவைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் கூட வர வேண்டுமென்று துரைசாணி கேட்டுவிட்டாள். அம்மா "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பா "ஒன் இஷ்டம்" என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்திக்கொண்டார். இந்த ஆம்பிளைகளே இப்படித்தான், வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க மாட்டார்கள்! அம்மா போய்விட்டால் எனக்குத் தலை பின்ன யார், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் யார்? தோட்டத்தில் மாதா சிலை வைத்த கெபியில் தினமும் மண்டியிட்டு, அந்தக் காரின் நாலு சக்கரமும் வெடிக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அம்மாவுக்கு ஓய்வு நாள், துரை அந்த மரப்பெட்டியில் வந்த கூடாரத்தை அடித்துப் பழகிப் பார்க்க நினைத்தார். பங்களாவுக்கு முன்னால், வீட்டைவிட்டு நன்றாக விலகி, புல்வெளி நடுவில் வெள்ளைவெளேரென்று அதை நிறுத்தினார். உள்ளே பாபா உறங்குகிறானா என்று பார்க்க அவனையும் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

பங்களா மேட்டில் இருந்தது, கூலிக்காரர்கள் வரிசை அறைகளில் குடியிருந்த எங்கள் 'லயம்' பள்ளத்தில். அங்கிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கூடாரம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது. எங்கள் ஜனங்கள் கூடாரத்தைப் பார்த்ததெல்லாம் இரண்டே இடத்தில். சொந்த ஊரிலிருந்து வந்து கப்பலை விட்டு இறங்கியதும் நோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்த தீவில் ஒன்று. தோட்டத்தில் பேதி கண்டபோது, நோயாளிகளை லயத்தை விட்டுப் பிரித்துப் போட்ட காட்டோரத்தில் இன்னொன்று. உள்ளே போனவர்களில் நடந்து வெளியே வந்தவர்கள் கொஞ்சம்தான். அரைமணி நேரத்தில் லயமே அல்லோலகல்லோலப்பட்டது. "பங்களாவுல பேதியாம்!" என்று ஒருத்தி கத்த, வாசலுக்கு வாசல் வேப்பிலை ஏறிவிட்டது, இரண்டு குடும்பம் மூட்டை கட்டிவிட்டது, கங்காணி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த்தொட்டிப் பக்கம் யாரையும் விடாமல் விரட்டிக்கொண்டிருந்தார்.

"பாபாவக் கூடாரத்துல போட்டுட்டாங்களாம்" என்று யாரோ சொன்னது அம்மா காதில் விழுந்தது. கையிலிருந்த அரிசி களையும் சட்டியைப் போட்டது போட்டபடி மேட்டை நோக்கி ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். துரையும் துரைசாணியும் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, அம்மா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடாரத்துக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் பறந்தாள். துரை எழுந்து கத்தினார். துரை பிள்ளையைக் கூலிக்காரி ஒருத்தி தூக்கிக்கொண்டு ஓடுவதா! அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எங்களைத் தோட்டத்தை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்பதில் லயத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அம்மா எங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். துரைசாணி காலில் செருப்புக்கூட இல்லாமல் பின்னால் ஓடிவந்தாள். அவள் லயத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் இருபக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நின்றார். அந்தோணி மாமா மூச்சு வாங்க வந்து சேர்ந்து, பிள்ளைக்கு நோயும் இல்லை நொடியும் இல்லை, எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பயணத்துக்கான ஒத்திகைதான் என்று கதவுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

அம்மா பிள்ளையைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே பேசினாள். அந்தோணி மாமா அதைத் துண்டு துண்டாக இங்கிலீஷில் சொன்னார்.

"கப்பல்ல வந்து எறங்குனதும் தீவுல கூடாரத்துல போட்டாங்கம்மா. எம்புள்ளைக்குக் காச்சல். வெளக்கு இல்ல, கேட்டேன், குடுக்கல. இருட்டுல மார்மேல போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தேன். விடிஞ்சதும் காவக்காரன் வந்து பாத்துட்டு, எப்பவோ போயிருச்சேன்னு சொன்னான். எப்பப் போச்சுன்னுகூட எனக்குத் தெரியாதும்மா. செத்த புள்ளையத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்! சவரிமுத்து என்று பெயர். நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் போனவன். பக்கத்து வீட்டுக் கிழவி முதல் கங்காணி வரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. ஒன்பது வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தவளிடம் இதை எப்படி மறைத்தார்கள் என்று இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

துரைசாணி எங்கள் சாணித் தரையில் உட்கார்ந்து அழுதாள். துரை வாசல்வரை வந்து, உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் 'பெரட்டில்' பெயர் கூப்பிடும்போது எங்களுக்குச் சீட்டு கிழியும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கிழியவில்லை. எனக்கோ உள்ளுக்குள் குதூகலம். இனி அம்மா எப்படிப் போவாள்? கூடாரத்தைக் கண்டாலே நடுங்குகிறவள்!

மூன்றாம் நாள் துரைசாணி, ஆயா வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பினாள். பயணத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. அம்மா, "நானும் வர்றேன்னு சொல்லிடுங்க. அந்தப் புள்ளையக் கூடாரத்துல தனியா விட மாட்டேன்" என்றாள்.

"அப்ப நானு?" என்று நான் போட்ட கூச்சல் பங்களாவரை கேட்டிருக்கும்.

"நீ வீட்டுக்குள்ளதானடி படுக்கப் போற," என்றாள் அம்மா.

போய்விட்டாள். பெற்ற மகளை விட்டுவிட்டு வெள்ளைக்காரப் பிள்ளையோடு போய்விட்டாள் என்று, கப்பலில் போன நாளும் சேர்த்து ஏழு மாதம் மனசுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் திரும்பி வந்த அன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை என்னை இழுத்து உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டே அவளாகத்தான் அந்த ஊரைப் பற்றிச் சொன்னாள்.

இப்போது அந்தப் பங்களா இல்லை, லயம் இல்லை. ரப்பர் மரங்களை அழித்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டுவிட்டார்கள். புல்வெளி எங்கே இருந்தது என்று போன வருஷம் போய்த் தேடிப் பார்த்தேன், மேடுகூடத் தெரியவில்லை. அண்ணனைத் தீவில் எங்கே புதைத்தார்கள் என்று அம்மாவுக்கே தெரியாது, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று காலை பின்னலை இறுக்கிக்கொண்டே அவள் சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது.

"அங்க வெயில் காலத்துல ராத்திரியே வரலடி. பொழுது சாஞ்சாப்புல இருக்கும், ஆனா வெளிச்சம் போகாது. கூடாரத்துக்குள்ள எல்லாமே தெரியும். விடிய விடிய அந்தப் புள்ள மூச்சு விடுறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."