கப்பல்காரரோடு காலை நடை

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கல்யாணமானதிலிருந்து வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பார். ஓய்வு பெற்று தூத்துக்குடிக்கு வந்த பிறகு டிவி முன்னால் உட்கார்ந்தே கிடந்தார். குழம்பில் உப்பு கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம்.

சர்க்கரை வந்தது என்னவோ எனக்குத்தான். டாக்டரம்மா தினமும் காலையில் நடக்கச் சொன்னார். சேலைக்குக் கீழே ஷூவை மாட்டிக்கொண்டு தனியாக ரோட்டில் நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“துணைக்கு நீங்களும் வாங்களேன்” என்றேன்.

“கப்பல்ல நடக்காத நடையா ஏளா?” என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கடற்கரைச் சாலையில் மீன் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். மகள் வீட்டு விஷயம் எதையோ சொல்லிக்கொண்டே போன நான், பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் இல்லை. வந்த வழியே விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

“எங்கன போறிய?” என்று கத்தினேன்.

நின்றார். அவருக்கே விளங்கவில்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “கப்பல் டெக்குல அவ்வளவுதான் எடம் ஏளா. அது முடிஞ்சா திரும்பிரணும். காலு தானா திரும்பிட்டு” என்றார்.

சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதன் பிறகு சில நாட்கள் அவர் முழங்கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி, “அண்ணாச்சிய எங்க இழுத்துட்டுப் போறிய?” என்று கேலி செய்தாள். அந்தக் கேலியிலேயே என் கூச்சம் போய்விட்டது.

முதலில் எனக்கு மூட்டு வலி கூடத்தான் செய்தது. மெதுவாக நடந்து நடந்து அது தணிந்தது. ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது. சர்க்கரை இறங்க, டாக்டரம்மா ஒரு மாத்திரையை நிறுத்தினார்.

வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் எங்களுக்குப் பேச்சே வராது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வந்தது. ஒரு நாள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மவ பொறந்த சேதி வந்தப்போ நடுக்கடல்ல நிக்கோம். கால் ஓயுற வரைக்கும் டெக்குல நடந்தேன். வேற என்ன செய்ய?”

“அந்த வருசம் பூரா உங்க மேல கோவமா இருந்தேன், தெரியுமா?”

“தெரியும். போன்ல உன் கொரல்லயே தெரிஞ்சுது.”

கப்பல்களைப் பார்த்தபடியே நடந்தோம். மனதில் வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது.

இப்போதெல்லாம் எனக்கு முன்னால் அவர்தான் எழுந்திருக்கிறார். போன மாதம் அவருக்குச் சளி பிடித்திருந்ததால் நான் மட்டும் போய்விட்டு வந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வெளிய எத்தன கப்பல் கெடக்கு?” என்றார்.

“நான் பாக்கலியே.”

“கடக்கர வரைக்கும் போயிட்டு அதப் பாக்காம வந்திருக்கா பாரு!” என்று முணுமுணுத்தார். மறுநாள் நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், இருமிக்கொண்டே கிளம்பிவிட்டார்.